கருப்பட்டி தின்ற கோச்சி

பிள்ளை மடுவத்து வாசலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மழை விட்டு ஓய்ந்திருந்த நேரம். ஈரத் தலைகளிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. உள்ளே, நான் பார்த்துக்கொள்ளும் என் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சேலைத் தொட்டில்களில் சில, பாயில் சில.

முன்னால் நின்ற பெண்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவள் பெயர் புவனா. முன்பல் இரண்டு விழுந்திருந்தது.

"ஆயம்மா, ஒங்களுக்கு என்னா கஷ்டம்?"

நான் திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தேன். வேறு யாரையோ கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கா? எனக்கு ஒன்னும் இல்லம்மா."

"சும்மா சொல்லாதீங்க. எல்லாருக்கும் ஒன்னு இருக்கும்னு டீச்சர் சொன்னாங்க."

"இல்லன்னா இல்ல. போங்க, புள்ளைங்க தூங்குதுங்க."

மடுவத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே தண்ணீர் ஓடும் கான் ஒன்று உண்டு. அந்தக் கானுக்கு அப்பால் மங்கை டீச்சர் குடையும் கையுமாக நின்றார். எங்கள் பக்கம் பார்க்கவேயில்லை. தேயிலைச் செடியில் ஏதோ அதிசயத்தைக் கண்டவர் போல முகத்தை அந்தப் பக்கம் வைத்திருந்தார். பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது டீச்சர் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பிள்ளைகள் போய்விட்டார்கள். எனக்கு அன்றைக்கு முழுக்கக் கை ஓடவில்லை. அந்த வயதுவரை என்னிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

குரல் இல்லாதவள்

இந்தத் தொடரில் இதுவரை நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைப் பற்றியும் கலியாணத்தைப் பற்றியும் எழுதிவிட்டேன். மடுவத்தைப் பற்றிச் சொல்லாமல் இருந்தது, அதை ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான்.

கண்டிப் பக்கத்துக் கலஹாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். விடியற்காலையில் தாய்மார் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகும் முன் கைக்குழந்தைகளையும் தத்தித் தத்தி நடக்கும் பிள்ளைகளையும் கொண்டுவந்து விடும் இடம்தான் பிள்ளை மடுவம். தகரக் கூரை போட்ட நீள அறை. பால் புளித்த வாசமும் மூத்திர வாசமும் வேப்பெண்ணெய் வாசமும் கலந்து கிடக்கும். அந்த வாசம் இல்லாத இடத்தில் எனக்கு இன்றைக்கும் சரியாகத் தூக்கம் வராது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நானும் முதலில் கொழுந்து எடுத்தவள்தான். மலையில் சறுக்கி விழுந்து இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகு மடுவத்தில் போட்டார்கள். எனக்கு அது தண்டனை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கோ கோயில் கிடைத்த மாதிரி. காரணம் என் குரல்.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது எல்லாரும் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். நான் சொல்வது எனக்கே கேட்காது. "பாக்கியம் செத்துட்டாளா?" என்று கணக்கப்பிள்ளை கத்துவார். வரிசை முழுக்கச் சிரிக்கும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தபோதும் இதே கதைதான். சத்தமாகப் படி, சத்தமாகப் பேசு, வாயைத் திற. தாய் வீட்டிலும் சொன்னார்கள், மாமியார் வீட்டிலும் சொன்னார்கள்.

கைக்குழந்தைகளிடம் அந்தத் தொல்லை இல்லை. காதுக்குள் மெல்லச் சொன்னால்தான் அவர்களுக்குப் பிடிக்கும்.

மங்கை டீச்சர்

டீச்சர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முதல் வேலையே எங்கள் பக்கம் கிடைத்துவிட்டது. கலஹா டவுனில் ஒரு வீட்டில் தங்கியிருந்து பஸ்ஸில் வந்து, மீதித் தூரம் நடந்து வருவார். சின்ன உருவம். "ஓம், ஓம்" என்று அவர் சொல்வதை அவர் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் சொல்லிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரிப் போவார்.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்றால் சந்தியில் நிற்கிற பொலிஸ் இரண்டு தடவை அடையாள அட்டையைப் பார்க்கும். ஒரு நாள் காலை அப்படி நிறுத்தி வைத்துவிட்டார்கள். நேரம் போய் வந்தவர், "பாடம் தொடங்குவம் பிள்ளையள்" என்றார். கரும்பலகையில் மட்டும் முந்தின நாள் திகதியை எழுதிவிட்டாராம். புவனா எனக்குச் சொன்னாள். அந்தப் பிள்ளைகள் எதையும் கவனிக்கப் பழகியிருந்தார்கள்.

அவர் பழக்கியதுதான் அது. ஆருக்காவது ஒரு கஷ்டம் இருக்கும், போய்க் கேளுங்கோ என்பார். கேட்டால் உடனே நீங்கள் ஒரு யோசனை சொல்லப்படாது. "பிறகு?" எண்டு மட்டும் கேளுங்கோ. அதன் பிறகு சாக்கு, மட்டை, களிமண், எது கிடைக்கிறதோ அதில் ஒரு சாமான் செய்யுங்கோ. செய்து கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கோ. உடைந்தால் நல்லது. ஏன் உடைந்தது என்று பார்த்துத் திரும்பச் செய்யுங்கோ.

பிள்ளைகள் முதலில் பெரிய வாத்தியாரிடம்தான் போனார்களாம்.

"சேர், ஒங்களுக்கு என்னா கஷ்டம்?"

"நீங்கதான்," என்றாராம் அவர்.

என் பேத்தி இப்போது கண்டி டவுனில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். போன மாதம் போனில் படம் காட்டினாள். சுவர் நிறையக் கலர்த் துண்டுகள் ஒட்டியிருந்தன. இதற்கு டிசைன் திங்கிங் என்று பெயர், வெளிநாட்டிலிருந்து வந்த முறை, பயிற்சிக்குப் போய்ப் படித்து வந்தேன் என்றாள். கேட்டுக்கொண்டே போனேன். கடைசியில், "ஒடைஞ்சா நல்லதுன்னு சொல்லித் தருவீங்களா?" என்றேன். அவளுக்கு ஆச்சரியம். "அம்மாயி, அது எப்புடி ஒங்களுக்குத் தெரியும்?"

அவளுக்குச் சொன்னதைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

"பெறகு?"

மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். மூன்றாவது தடவை புவனா மட்டும் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து ஒரு பிள்ளையை மடியில் எடுத்துக்கொண்டாள். கேட்கவில்லை.

நான்தான் ஆரம்பித்தேன். "போன கலவரத்துல..." என்றேன்.

"பெறகு?"

அதைச் சொல்கிறேன். தமிழரை அடிக்க லொறியில் ஆட்கள் வந்து கீழ் லயத்தைக் கொளுத்திய அன்று, நான் மடுவத்தில் தனியாக இருந்தேன். புகை தெரிந்தது. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. மீதிப் பிள்ளைகள் என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுதார்கள். ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. வைத்தால் ஒன்று விழும். வாசலிலேயே நின்றேன். மலையிலிருந்து தாய்மார் கூடையை எறிந்துவிட்டு ஓடி வந்து பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகும்வரை அப்படியே நின்றேன். அன்றைக்கு அவர்கள் பக்கத்து மலையில் கொழுந்து எடுத்தது எங்கள் நல்ல காலம். தூரத்து மலையென்றால் என்ன ஆகியிருக்கும்?

"பெறகு?"

"திரும்ப வந்தா என்னா செய்வேன்? எனக்கு ரெண்டு கைதானே. அதுதான் கஷ்டம்."

அவள் தலையை ஆட்டினாள். பெரிய மனுஷி மாதிரி எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு இரவு எனக்கு நல்ல தூக்கம். கஷ்டம் தீரவில்லை. ஆனாலும் அதை இன்னொருத்தரும் சுமக்கிறார் என்று தெரிந்தால் வரும் தூக்கம் அது.

பூசணிக்காய்ப் பிள்ளைகள்

முதலில் ஒரு வண்டி செய்தார்கள். ஸ்டோரில் கழித்துவிட்ட தேயிலைப் பெட்டி, மரத்தில் அறுத்த நாலு சக்கரம். பிள்ளைகளை ஏற்றிப் பார்க்க நான் விடவில்லை. அதனால் பூசணிக்காய்களைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு காயிலும் கரியால் கண்ணும் மூக்கும் போட்டிருந்தது. சில காய்களுக்குப் பொட்டும் இருந்தது.

சிவலிங்கம் என்று ஒரு பையன், வண்டிக்குத் தலைவன். "ஆயம்மா, நீங்க இழுங்க, நாங்க பாக்குறோம்."

இழுத்தேன். வாசல் தாண்டிச் சரிவில் கால் வைத்ததும் வண்டி என்னைத் தாண்டிக்கொண்டு போனது. கானில் மோதிப் பூசணிக்காய் எல்லாம் பறந்தது. ஒன்று இரண்டாகப் பிளந்து பெரிய வாத்தியாரின் காலடியில் போய் நின்றது.

"டீச்சர்! இதெல்லாம் பாடத்துல இருக்கா?"

"இல்லை சேர்," என்றார் மங்கை டீச்சர். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "நல்லா உடைஞ்சுது. இப்ப என்ன தெரியுது?"

"புள்ளைங்க செத்துருச்சு டீச்சர்," என்றான் சிவலிங்கம். அழுகிற மாதிரி இருந்தது அவன் முகம்.

"ஓம். அதுதான் பூசணிக்காய் வைச்சனாங்கள். வேற என்ன தெரியுது?"

எல்லாரும் யோசித்தார்கள். இந்த இடத்தில் சக்கரம் ஓடக்கூடிய தரையே இல்லை என்று ஒரு பிள்ளை சொன்னது. ஆயம்மாவுக்கு இடுப்பு வலி, இழுக்க முடியாது என்று இன்னொன்று. இடுப்பு வலியை நான் அவர்களிடம் சொல்லவேயில்லை. நடையைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தார்கள்.

அந்தப் பூசணிக்காயை அன்றைக்கு எல்லா லயத்திலும் கறி வைத்தார்கள்.

கயிறு

பிறகு கொஞ்ச நாள் சும்மா வந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பார்த்ததில் புவனாவுக்கு ஒன்று தெரிந்தது. கைக்குழந்தைகள் இரண்டுதான். மற்றவர்கள் எல்லாரும் நடப்பார்கள். நடக்கிறவர்களை ஏன் தூக்க வேண்டும்?

"நடப்பாங்க, ஆனா ஆளுக்கு ஒரு பக்கம் போவாங்க," என்றேன்.

மறுநாள் ஒரு தேங்காய்த் தும்புக் கயிறு வந்தது. அதில் இடைவெளி விட்டு விட்டுப் பழைய துணியில் முடிந்த பிடிகள். சிவப்பு, மஞ்சள், பூப்போட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிடி. கைக்குழந்தை ஒன்று என் முதுகில் சேலைக் கட்டுக்குள், ஒன்று இடுப்பில், மற்றக் கையில் கயிற்றின் நுனி.

பிடியை விடாமல் நடக்க வைக்க ஒரு விளையாட்டும் செய்தார்கள். ரயிலை எங்கள் பக்கம் கோச்சி என்போம். கயிறுதான் கோச்சி, பிள்ளைகள் பெட்டிகள். பிடியை விட்டால் பெட்டி கழன்றுவிடும். பேராதனைக்குப் போய்க் கோச்சி பார்த்த பிள்ளைகள் பார்க்காத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டே நாளில் என் பிள்ளைகள் மடுவத்தைச் சுற்றிச் சுற்றிக் கோச்சி ஓடினார்கள்.

எல்லாம் சரி. ஒன்றுதான் சரியில்லை. கோச்சி என்றால் கூ என்று கத்த வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டார்கள். அடுத்த மலைவரை கேட்கும்.

ஒளிந்து போக வேண்டிய கோச்சி கூவிக்கொண்டு போனால் என்ன ஆகும்? நான் சிரித்தேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை.

கீழே ஒரு வீடு

"எங்க ஓடுவீங்க ஆயம்மா?" என்று இன்னொரு நாள் கேட்டார்கள்.

"மேல. கோயில் பக்கம்." எல்லாரும் மேலேதான் ஓடுவோம். சிங்களவர் ஊர் கீழே இருக்கிறது. வந்தவர்களும் கீழேயிருந்துதான் வந்தார்கள்.

மேலே போய்ப் பார்த்தோம். பாதி வழியிலேயே பெட்டிகள் உட்கார்ந்துவிட்டன. அந்த ஏற்றத்தில் பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும்.

"அப்ப ஏன் கீழ போகக் கூடாது?" என்றாள் புவனா.

அவள் அப்பா அதைக் கேட்டு வந்து சத்தம் போட்டார். "பைத்தியமா? அங்க இருந்துதான் வந்தானுங்க!"

"கீழ ஆர் இருக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று மட்டும் டீச்சர் பிள்ளைகளைக் கேட்டார்.

தெரியும். தேயிலை முடிகிற இடத்தில், ஓடையைத் தாண்டியதும் மெனிக்கே வீடு. சிங்களப் பொம்பளை. புருஷன் கித்துள் மரம் ஏறிப் பதநீர் இறக்குவான். அவள் அதைப் பாணியாகக் காய்ச்சிக் கருப்பட்டி பிடித்து லயத்துக்குக் கொண்டுவந்து விற்பாள். கலவரத்துக்குப் பிறகு அவள் வரவில்லை. நாங்களும் போகவில்லை.

"அப்ப அவவைக் கேட்டுப் பாப்பம். கேக்காமல் எப்பிடித் தெரியும்?"

எனக்குப் போக மனம் இல்லை. ஆனாலும் போனேன். டீச்சர், புவனா, சிவலிங்கம், எல்லாருக்கும் பின்னால் என் கோச்சி. கூ கூ என்று வழி முழுக்கச் சத்தம்.

மெனிக்கே அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். எங்களைப் பார்த்ததும் அகப்பையோடு அப்படியே நின்றாள். புவனா கேட்டாள், தமிழும் சிங்களமும் கலந்து: திரும்பக் கலவரம் வந்தால் இந்தப் பிள்ளைகளை இங்கே கொண்டு வரலாமா?

மெனிக்கே என்னைத்தான் பார்த்தாள்.

"ஏன் இவ்வளவு நாள் வரல்லே?" என்றாள். லயத்தில் விற்றுப் பழகிய தமிழ் அவளுக்கு. "நான் பயம். நீங்க கோவம் எண்டு நெனச்சது."

"நாங்களும் பயம்தான்," என்றேன். என் குரல் எப்படியோ அவள் காதில் விழுந்துவிட்டது.

"கொண்டு வா. சின்னது மட்டும் கொண்டு வா. பெரிய ஆள் வேணாம், பெரிய ஆள் நெறைய சாப்பிடும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தாள்.

பிறகு ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் ஒரு துண்டு கருப்பட்டி வைத்தாள்.

திரும்பி வரும் வழியில் ஒரு சத்தம் இல்லை. ஓடைத் தண்ணீர்ச் சத்தம்தான். புவனா நடுவழியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர்! கோச்சிக்குக் கரி போட்டாச்சு. வாய் நெறையக் கரி. கூவ முடியாது!"

பேணி

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அது நான்.

கோச்சி புறப்படும்போது யாராவது சத்தமாகக் கூப்பிட வேண்டும். ஒத்திகையில் நான் கூப்பிட்டேன். பாயில் கிடந்த பிள்ளைகள் ஒருவரும் திரும்பவில்லை.

இதோ வரப்போகிறது என்று நினைத்தேன். சத்தமாகப் பேசுங்கள் ஆயம்மா என்று. நாற்பது வயதுவரை கேட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

பிள்ளைகள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசினார்கள். சிவலிங்கம் வந்து, "ஆயம்மாக்குச் சத்தம் வராது. அது பரவால்ல. வேற சத்தம் வைப்போம்," என்றான்.

காலியான தகரப் பால் பேணி ஒன்றில் கூழாங்கல் போட்டுக் கொடுத்தார்கள். குலுக்கினால் போதும். பிறகு கல்லை எடுத்துவிட்டுக் கருப்பட்டித் துண்டுகளையே போட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டால் என் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் ஓடி வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறப்பார்கள். எறும்பு வந்தது. பேணியைத் தண்ணீர்த் தட்டில் வைத்தார்கள். பொன்னி என்று ஒரு குட்டி, கருப்பட்டியைச் சப்பமாட்டாள், கடித்து உடனே தீர்த்துவிட்டு கூ என்பாள். அவளை எனக்கு அடுத்த பிடியில் போட்டார்கள்.

என்னை மாற்றச் சொல்லாமல் சாமானை மாற்றியவர்கள் அந்தப் பிள்ளைகள் மட்டும்தான். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது. வயதான கண், அதை விடுங்கள்.

அந்த நாள்

அடுத்த வருஷமா, அதற்கடுத்ததா, சரியாக நினைவில்லை. பள்ளிக்கூட விடுமுறை. டீச்சர் ஊருக்குப் போயிருந்தார். தாய்மார் எல்லாரும் தூரத்து மலையில்.

மத்தியானம் கீழ்ச் சந்திப் பக்கம் புகை எழுந்தது. லயத்தில் இருந்த கிழவர் ஒருவர், "வர்றானுங்க, வர்றானுங்க" என்று கத்திக்கொண்டு மேலே ஓடினார்.

என் கால் வாசலில் ஒட்டிக்கொண்டது, முந்தின தடவை மாதிரியே. கை மட்டும் பேணியைத் தேடிப் போனது. குலுக்கினேன்.

ஓடி வந்தார்கள். கண் முழித்தும் முழிக்காமலும், மூக்கு ஒழுக ஒழுக வந்து பிடியைப் பிடித்து வாயைத் திறந்தார்கள். ஒவ்வொரு வாயிலும் ஒரு துண்டு. எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டேன். முதுகில் ஒன்று, இடுப்பில் ஒன்று. பேணியை மடியில் கட்டிக்கொண்டேன். கோச்சி புறப்பட்டது.

தேயிலைக்குள்ளே குனிந்து கீழே இறங்கினோம். பாதி வழியில் மேலே வண்டிப் பாதையில் ஆட்கள் போகிற சத்தம் கேட்டது. நிறைய ஆட்கள். கம்பு தட்டுகிற சத்தம். அவர்கள் மேலே போகிறார்கள், நாங்கள் கீழே போகிறோம். நடுவில் சில வரிசைத் தேயிலைதான்.

கயிற்றை இழுத்து நிறுத்தினேன். எல்லாப் பெட்டியும் நின்றது. கன்னம் உப்பிய முகங்கள் என்னைப் பார்த்தன.

பொன்னி கருப்பட்டியைக் கடித்துத் தின்று முடித்துவிட்டாள். வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். கூவப் போகிறாள்.

பேணியை எடுத்தால் சத்தம் கேட்கும். என் வாயில் இருந்ததை எடுத்து அவள் வாயில் வைத்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தத் துண்டை மட்டும் கடிக்காமல் சப்பினாள்.

சத்தம் மேலே போய் ஓய்ந்தது.

ஓடையைத் தாண்டியபோது மெனிக்கே பாதி வழி வந்து நின்றாள். இரண்டு கையாலும் பிள்ளைகளை அள்ளினாள். பாணி காய்ச்சும் கொட்டிலுக்குள் எங்களை உட்கார வைத்துச் சாக்கைத் தொங்கவிட்டாள். புகையும் இனிப்பு வாசமும் அடர்ந்திருந்த அந்த இருட்டில் என் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தூங்கிப் போனார்கள்.

பிறகு வாசலில் ஆம்பளைக் குரல்கள் கேட்டன. மெனிக்கே சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னாள். யாரோ சிரித்தார்கள். போய்விட்டார்கள். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டேன்.

"கொட்டில்லே நாய் குட்டி போட்டிருக்கு, தாய் நாய் கடிக்கும் எண்டு சொன்னது," என்றாள். "பொய் இல்லே. ஒன்னைப் பாத்தா அப்படித்தான் இருந்தது."

மேல் லயத்தில் சில வீடுகள் எரிந்தன. சட்டிபானை, உடுப்பு, எல்லாம் போனது. புவனா வீடும் போனது. அவளும் வீட்டாரும் மேலே ஓடித் தப்பியிருந்தார்கள். பொழுது சாயும் நேரம் தாய்மார் தேடிக்கொண்டு வந்தபோது மெனிக்கே பிள்ளைகளைக் கழுவித் தலை சீவி, வாசலில் வரிசையாக உட்கார வைத்திருந்தாள். ஒரு பிள்ளை குறையவில்லை. பொன்னியின் அம்மா மெனிக்கேயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகு நேரம் விடவில்லை.

திரும்பவும் வாசலில்

மங்கை டீச்சர் பின்னொரு நாள் தாயாருக்குச் சுகமில்லை என்று யாழ்ப்பாணம் போனார். யுத்தத்தில் பாதை மூடிவிட்டது. பிறகு அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கேயாவது நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைப்பேன். மெனிக்கேயையும் சேர்த்துத்தான் நினைப்பேன். அவள் கண்ணை மூடிப் பல வருஷமாகிறது.

ஆனால் அந்த விடுமுறை முடிந்து டீச்சர் திரும்பி வந்த நாளில்தான் இந்தக் கதை முடிகிறது.

வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். புவனாவுக்கு யாரோ கொடுத்த பெரிய சட்டை, முழங்கைக்குக் கீழே தொங்கியது. கானுக்கு அப்பால் டீச்சர். முகம் தேயிலைப் பக்கம்.

நல்லா வேலை செஞ்சுச்சா என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொல்லிக் கும்பிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஊரே அந்தக் கயிற்றைப் பற்றித்தான் பேசியது.

புவனா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஆயம்மா, கயித்துல எது கஷ்டமா இருந்துச்சு?"

வீடு எரிந்து போன பிள்ளை. வந்து இதைத்தான் கேட்டாள்.

நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். கயிற்றின் நுனியை இறுக்கிப் பிடித்ததில் தோல் உரிந்து காய்ந்திருந்தது.

"எல்லாருக்கும் புடி வச்சீங்க. எனக்கு வைக்கல."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிவலிங்கம் நெற்றியில் அடித்துக்கொண்டான். அங்கேயே உட்கார்ந்து கயிற்றை மடியில் போட்டு, யாருடையதோ சிவப்புப் பாவாடை ஓரத்தைக் கிழித்து, நுனியில் ஒரு பிடி முடிந்தார்கள். என் கையில் மாட்டிப் பார்த்தார்கள்.

"இப்ப சரியா ஆயம்மா?"

சரி என்று தலையாட்டுவதுதான் என் பழக்கம். தந்ததை வாங்கிக்கொண்டு போகிறவள் நான். பெரட்டிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான்.

"இல்ல," என்றேன். "இன்னும் கொஞ்சம் பெருசா வேணும்."

கானுக்கு அப்பால் நின்ற மங்கை டீச்சர் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.